குழந்தையின் மூளைத் தமனியில் சிக்கலான புடைப்பு: அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பெற்றோர் செய்ய வேண்டியவை

எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு வலது கண்ணின் இமை மட்டும் மூன்று நாளாகச் சரிந்து கிடந்தது. தூக்கம் போதவில்லை என்றார் பாட்டி. செல்போனைப் பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டது என்றார் அப்பா. கண் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தக் கண்ணின் பாவை வெளிச்சத்துக்குச் சுருங்காமல் விரிந்தபடியே நின்றது. அவர் கண்ணாடிக்குச் சீட்டு எழுதவில்லை. அன்றைக்கே மூளைக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். இமையைத் தூக்கும் நரம்பை, அதை ஒட்டி ஓடும் தமனியில் பலூன் போல வீங்கியிருந்த ஒரு புடைப்பு அழுத்திக்கொண்டிருந்தது. வெடிப்பதற்கு முன்பே அது தெரிய வந்தது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம். பல குழந்தைகளுக்கு இந்த நோய் இருப்பதே, புடைப்பு வெடித்து மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்த பிறகுதான் தெரிகிறது.

சென்னையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பெற்றோருக்கு விளக்கம் சொல்லும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான், மருத்துவன் அல்லன். அந்த அறைக்குள் வரும் தாய் தந்தையர் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றே: "மண்டையைத் திறக்கணுமா, திறக்காமலே முடியுமா?" அந்தக் கேள்வி இயல்பானதுதான் என்றாலும், அதைவிட முக்கியமான கேள்வி வேறு இருக்கிறது. திறந்து செய்யத் தெரிந்தவரும், தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அதன் வழியாகச் செய்யத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, உங்கள் குழந்தையின் படங்களைப் பார்த்து, அந்தக் குழந்தைக்கு முன்னால் இருக்கும் அறுபது எழுபது ஆண்டு வாழ்க்கையையும் கணக்கில் எடுத்து முடிவு செய்தார்களா என்பதே அது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கும் பதிலைப் புரிந்துகொள்வதற்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து வெளிப்புறமாகப் புடைப்பதைத்தான் மருத்துவர்கள் அன்யூரிசம் என்கிறார்கள். மூளைத் தமனிப் புடைப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே குழந்தைகள். ஆனால் குழந்தைகளுக்கு வரும்போது அது பெரியவர்களுடையதைப் போல இருப்பதில்லை. பெரியவர்களில் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்றால், குழந்தைகளில் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவை எட்டிய இராட்சதப் புடைப்புகளும், மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் தமனிகளில் வரும் புடைப்புகளும் குழந்தைகளிடம் ஒப்பீட்டளவில் அதிகம். பெரியவர்களுக்குச் சொல்லப்படும் புகையும் பல ஆண்டு இரத்த அழுத்தமும் இங்கே காரணங்கள் அல்ல. தமனிச் சுவரின் உள்ளடுக்கு கிழிந்து பிரிவது, தலையில் அடிபடுவது, இதய வால்வில் கிருமித் தொற்று ஏற்பட்டு அதன் துணுக்கு மூளைத் தமனியில் போய் ஒட்டுவது, இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் பிறவி நோய்கள், பெருந்தமனிக் குறுக்கம், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் மரபுநோய் ஆகியவற்றைத்தான் மருத்துவர் தேடுவார். எதுவும் கிடைக்காமலும் போகலாம்.

ஆகவே மருத்துவர் பழைய கதையைக் கேட்கும்போது எதையும் சின்னதென்று ஒதுக்க வேண்டாம். பைக்கின் முன்னால் உட்கார்ந்து போனபோது விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைக்கு அன்றைய சி.டி. ஸ்கேன் சரியாக இருந்திருக்கலாம். அடிபட்டதால் வரும் புடைப்பு இரண்டு மூன்று வாரம் கழித்து வெடிப்பது உண்டு. சிறு வயதில் மூட்டுவீக்கமும் காய்ச்சலும் வந்து இதய வால்வு பாதிக்கப்பட்டிருந்தால் அதையும், மாதக்கணக்கில் பென்சிலின் ஊசி போட்டிருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். கிருமித் தொற்றால் வந்த புடைப்பு என்றால் சிகிச்சையின் வரிசையே மாறும்: நான்கு முதல் ஆறு வாரம் வரை சிரை வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து, இடையிடையே மறுபடம் எடுத்து, வெடித்ததையும் வளர்வதையும் மட்டும் அறுவைச் சிகிச்சைக்கோ குழாய் வழிச் சிகிச்சைக்கோ கொண்டுபோவார்கள்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. பிறந்த குழந்தையின் ஸ்கேன் அறிக்கையில் "வெயின் ஆஃப் கேலன் அன்யூரிசம்" என்று எழுதியிருந்தால், பெயரில் அன்யூரிசம் இருந்தாலும் அது வேறு நோய். தமனிகள் நேரே ஒரு சிரைக்குள் கொட்டுவதால் வருவது, பெரும்பாலும் குழாய் வழியாகவே சிகிச்சை செய்யப்படுவது. அதற்கு இந்தக் கட்டுரையைப் பயன்படுத்த வேண்டாம்.

முதல் சில மணி நேரம்

வெடித்த புடைப்பின் தலைவலி படிப்படியாக ஏறுவதில்லை, இடி விழுந்தது போலத் திடீரென்று வருகிறது. கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருக்கும். பேசத் தெரியாத குழந்தை வீறிட்டு அழுதுவிட்டுத் துவண்டு போகும். சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால் "வெயில் தாக்கிடுச்சு", "பித்தம் ஏறிடுச்சு" என்று மோரும் சுக்குக் கஷாயமும் கொடுத்துப் படுக்க வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தலைவலி தொடங்கிய நொடியைக் குழந்தையால் சுட்டிச் சொல்ல முடிகிறது என்றால், அல்லது வாந்திக்குப் பிறகு தூக்கம் கலைக்க முடியாததாக இருக்கிறது என்றால், கஷாயத்துக்கு நேரம் இல்லை.

108-ஐ அழையுங்கள். நினைவு குறைந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கொடுக்கக் கூடாது, அவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தலைவலி தொடங்கிய மணியையும் வலிப்பு வந்திருந்தால் எந்தக் கை கால் வெட்டியது என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் அதையே நான்கு பேர் உங்களிடம் கேட்பார்கள். ஒரு முறை வெடித்த புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம் என்பதால், குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவும் நரம்பியல் அறுவைச் சிகிச்சையும் ஒன்றாக உள்ள இடத்துக்கு நேராகப் போவதே நல்லது.

படங்களும் அவற்றைக் கையில் வைத்திருப்பதும்

முதலில் சாதாரண சி.டி. ஸ்கேன், இரத்தம் கசிந்திருந்தால் அதில் வெள்ளையாகத் தெரியும். கசிவு தெரியாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு தமனிகளைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவோ எம்.ஆர். ஆஞ்சியோவோ. சிக்கலான புடைப்பு என்று தெரிந்துவிட்டால் இவை போதாது. தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்தி, சாயத்தை ஊற்றி, ஒவ்வொரு தமனியாகப் படம் எடுக்கும் டி.எஸ்.ஏ. தேவைப்படும். சிறு குழந்தைக்கு அதை முழு மயக்கத்தில்தான் செய்வார்கள். "இன்னொரு டெஸ்ட்டா?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். புடைப்பின் கழுத்து எவ்வளவு அகலம், அதிலிருந்து எந்தக் கிளை பிரிகிறது, அந்தத் தமனியை அடைத்தால் மறுபக்கத்திலிருந்து இரத்தம் வருமா என்ற மூன்றையும் அதைப்போல வேறு எதுவும் காட்டுவதில்லை. அறுவைச் சிகிச்சையின் திட்டமே இந்த மூன்று பதில்களின் மேல்தான் கட்டப்படுகிறது.

படங்களைப் பற்றி ஒரு கசப்பான அனுபவம் உண்டு. வெளியூரில் ஒரு மருத்துவமனையில் டி.எஸ்.ஏ. எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் சென்னைக்கு வந்தது. கையில் இரண்டு பக்க அறிக்கை, மடித்துக் கோடு விழுந்த ஒரு பிலிம், ஒரு சி.டி. அந்த சி.டி.யைக் கணினியில் போட்டால் காலியாக இருந்தது. போன் செய்து கேட்டால், பதிவு அழிந்துவிட்டது என்றார்கள். ஐந்து வயதுக் குழந்தை இரண்டாவது முறை மயக்கத்துக்குள் போனது. இரண்டாவது முறை கதிர்வீச்சு, இரண்டாவது முறை சாயம். ஆகவே படம் எடுத்த இடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன், டைகாம் என்ற மூலக் கணினி வடிவில் முழுப் படங்களையும் சி.டி.யிலோ பென் டிரைவிலோ வாங்கி, அங்கேயே ஒரு கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய நான்கு படங்களைப் பார்த்து எந்த நல்ல நிபுணரும் அறுவைச் சிகிச்சையைத் தீர்மானிக்க மாட்டார்.

எதைச் "சிக்கல்" என்கிறார்கள், என்ன செய்கிறார்கள்

சிறிய, கழுத்து குறுகிய, கைக்கு எட்டும் இடத்திலுள்ள புடைப்பின் கழுத்தில் ஒரு டைட்டானியம் கிளிப்பைப் போட்டால் வேலை முடிந்தது. இந்த முறைக்கு வயது அதிகம்: அமெரிக்காவில் வால்டர் டான்டி 1937-இல் ஒரு வெள்ளிக் கிளிப்பைப் போட்டதுதான் தொடக்கம், அந்த நோயாளிக்கும் இமை நரம்புதான் செயலிழந்திருந்தது. புடைப்பு இராட்சத அளவில் இருந்தால், உள்ளே பழைய இரத்தக்கட்டி இறுகியிருந்தால், கழுத்து என்று ஒன்றே இல்லாமல் தமனி முழுதுமே நூல் சுற்றிய கதிர் போல் உப்பியிருந்தால், முக்கியமான கிளை ஒன்று புடைப்பிலிருந்தே கிளம்பினால், மூளைத்தண்டுக்கு முன்னால் ஒளிந்திருந்தால், முன்பு செய்த சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்திருந்தால், அதைச் சிக்கலானது என்கிறார்கள். குழந்தைகளிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே வருவதுண்டு.

கிளிப்பிலேயே முடிக்கக்கூடிய இராட்சதப் புடைப்புக்கு, அறுவைச் சிகிச்சை நிபுணர் முதலில் தமனியைத் தற்காலிகக் கிளிப்பால் சில நிமிடம் அடைத்து, புடைப்பு தளர்ந்ததும் உள்ளிருக்கும் கட்டியை எடுத்து, பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட கிளிப்புகளை அடுக்கித் தமனியின் வடிவத்தையே திரும்பக் கட்டுவார். சில நேரம் மயக்கவியல் நிபுணர் அடினோசின் என்ற மருந்தால் இதயத்தைச் சில நொடிகள் நிறுத்தி அழுத்தத்தைத் தணித்துக் கொடுப்பார். கிளிப் விழுந்ததும் பச்சைச் சாயம் ஒன்றைச் சிரையில் செலுத்தி நுண்ணோக்கியின் விசேட ஒளியில் பார்த்தால், புடைப்புக்குள் இரத்தம் போகவில்லை, கிளைகளில் போகிறது என்பது அந்த இடத்திலேயே தெரியும். கை கால்களுக்குச் செல்லும் சமிக்ஞைகள் குறைகின்றனவா என்று இன்னொரு கருவி தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும்.

கிளிப் போட இடமே இல்லாதபோதுதான் பைபாஸ். இதயத்துக்குச் செய்வது போலவே மூளைக்கும் செய்யலாம் என்பதைக் கேட்டுப் பெற்றோர் வியப்பதைப் பார்த்திருக்கிறேன். யாசர்கில் என்ற நிபுணர் 1967-இல் சூரிக்கில் தொடங்கி வைத்த முறை இது. காதுக்கு முன்னால் விரல் வைத்தால் துடிக்கும் தமனியை உச்சந்தலைத் தோலிலிருந்து பிரித்து, மண்டையோட்டில் திறந்த வழியாக உள்ளே கொண்டுபோய், மூளையின் மேலுள்ள கிளையோடு தைக்கிறார்கள். இரண்டும் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய அகலம் உடையவை. தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. அரை மணி நேரத்தை ஒட்டி மூளையின் அந்தப் பகுதிக்கு இரத்தம் குறைந்திருக்கும் என்பதால், மூளையின் தேவையை மருந்தால் தணித்து, இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்வார்கள். அதிக இரத்தம் தேவைப்பட்டால் முன்கையிலிருந்து தமனியையோ காலிலிருந்து சிரையையோ எடுத்து ஒட்டுவார்கள். சின்னக் குழந்தைக்கு அந்தச் சிரையே மிக மெல்லியதாக இருப்பது இதிலுள்ள இடர்ப்பாடு. புது வழி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே புடைத்த தமனியை அடைக்கிறார்கள்.

மறுபக்கத்திலிருந்து தாராளமாக இரத்தம் வருகிறது என்று டி.எஸ்.ஏ. காட்டினால், பைபாஸ் இல்லாமலே அந்தத் தமனியை அடைத்துவிடுவதும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹன்ட்டர் முழங்கால் பின்தமனிப் புடைப்புக்குச் செய்த முறையின் வழிவந்தது இது. அறிக்கைகளில் அவர் பெயரைக் காணலாம். பெரியவர்களுக்கு, பலூனால் சற்று நேரம் அடைத்து, விழித்திருக்கும் நோயாளியைப் பேசச் சொல்லிச் சோதித்துப் பார்ப்பார்கள். ஐந்து வயதுக் குழந்தையை அப்படி மேசையில் விழித்துப் படுக்க வைக்க முடியாது. மேலும் ஒரு தமனியை அடைத்தால் மறுபக்கத் தமனி ஆயுள் முழுதும் இரட்டைச் சுமை தாங்கும், பிற்காலத்தில் அங்கே புதுப் புடைப்பு வரக்கூடும். அறுபது வயதுக்காரருக்கு இது பெரிய கவலை ஆகாது. ஆறு வயதுக்காரருக்கு ஆகும்.

மண்டையைத் திறக்காத வழிகளும் உண்டு. 1990களின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் உள்ள பிளாட்டினக் காயில்களால், அதாவது மெல்லிய கம்பிச் சுருள்களால், புடைப்பை உள்ளிருந்து நிரப்பலாம். கழுத்து அகலமாக இருந்தால் காயில் வெளியே நழுவும் என்பதால் பலூனோ ஸ்டென்ட்டோ துணைக்கு வேண்டும், இராட்சதப் புடைப்பில் காயில்கள் நாளடைவில் அமுங்கிப் புடைப்பு மீண்டும் திறந்துகொள்வதும் உண்டு. அடுத்தது ஃப்ளோ டைவர்ட்டர் என்ற நெருக்கமான உலோக வலைக்குழாய். இரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பிப் பல மாதங்களில் புடைப்பை மூட வைக்கிறது. அமெரிக்காவில் 2011-இல் பைப்லைன் என்ற கருவிக்கு ஒப்புதல் கிடைத்தபோது அது 22 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே கிடைத்தது. தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் இன்று வைக்கிறார்கள். வைத்தால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், அதனால் இப்போதுதான் வெடித்த புடைப்புக்கு அது பெரும்பாலும் முதல் தேர்வாவதில்லை. குழந்தையின் தமனி வளரும், வலைக்குழாய் வளராது என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

என் கருத்தைச் சொல்வதென்றால், "திறக்காமல் செய்வது சின்ன சிகிச்சை" என்று யாராவது சொன்னால் அங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். தொடையில் ஊசித் துளை மட்டும்தான் இருக்கும் என்பது உண்மை. மூளைக்குள் நடப்பது சின்னதல்ல. கிளிப்பையும் காயிலையும் ஒப்பிட்ட, 2002-இல் வெளியான பெரிய ஆய்வு பெரியவர்களிடம் நடத்தப்பட்டது. அதன் முடிவை அப்படியே குழந்தைமேல் பொருத்த முடியாது. "திறந்து முடித்தால் நிரந்தரம்" என்பதும் முழு உண்மை அல்ல.

எங்கே போவது, என்ன கேட்பது

சென்னைக்கு இந்தத் துறையில் நீண்ட மரபு உண்டு. பி. ராமமூர்த்தி 1950-இல் அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அந்த மருத்துவமனையும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தவை. தனியார் துறையிலும் பெரிய மையங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டடம் என்பதைவிட, அங்கே கிளிப், பைபாஸ், குழாய் வழிச் சிகிச்சை மூன்றையும் செய்பவர்கள் இருக்கிறார்களா, குழந்தைகளுக்கான மயக்கவியல் நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். இந்த நோய் குழந்தைகளிடம் அரிது என்பதால், ஒரே மருத்துவர் நூற்றுக்கணக்கில் செய்திருக்க மாட்டார், "பெரியவர்களுக்கு பைபாஸ் எத்தனை செய்திருக்கிறீர்கள், குழந்தைகளுக்கு எத்தனை?" என்று தனித்தனியாகக் கேட்கலாம். நேர்மையான மருத்துவர் சின்ன எண்ணைச் சொல்லக் கூச்சப்படுவதில்லை.

மற்ற கேள்விகளை முதல் நாளே எழுதிக்கொண்டு போங்கள். இந்த வழியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், வேறு வழி ஏன் வேண்டாம் என்று முடிவாயிற்று? இப்போது செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்? செய்யும்போது பேச்சு, கை கால், பார்வை இவற்றில் எதற்கு ஆபத்து? நடுவில் திட்டம் மாறினால் அடுத்த திட்டம் என்ன? பதிலைக் கேட்கப் பெற்றோர் இருவரும் போவது நல்லது, முடியாவிட்டால் பதறாத சித்தப்பாவோ மாமாவோ ஒருவரை அழைத்துப் போகலாம். ஏழு பேர் போனால் யாருக்கும் எதுவும் காதில் விழாது. புடைப்பு வெடிக்காமல் இருந்தால் வேறு ஒரு நிபுணரிடம் கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது. வெடித்திருந்தால் அந்த நேரத்தை மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும்.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று இவற்றின் நகல்களை ஒரே உறையில் வைத்துக்கொண்டு, சேர்த்த அன்றே மருத்துவமனையிலுள்ள திட்டக் கவுன்ட்டரில் பேசுங்கள். கிளிப், காயில், வலைக்குழாய் ஆகியவற்றின் விலை அனுமதித்த தொகைக்குள் அடங்குமா என்பதைத் தனியாகக் கேளுங்கள், அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

முந்தைய நாளும் அன்றும்

குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 75 மில்லி இரத்தம் இருக்கிறது. 12 கிலோ குழந்தை என்றால் மொத்தமே 900 மில்லி, அதாவது ஆவின் அரை லிட்டர் பாக்கெட் இரண்டைவிடக் குறைவு. பெரியவருக்குப் பொருட்டே ஆகாத 200 மில்லி இழப்பு அந்தக் குழந்தைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இரத்த வங்கியில் கொடையாளர்களைக் கேட்பது சடங்குக்காக அல்ல. உறவினர்களை முந்தைய நாளே அனுப்பி வையுங்கள்.

மயக்கத்துக்கு முன் திட உணவையும் பசும்பாலையும் பவுடர் பாலையும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலை நான்கு மணி நேரம், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் நிறுத்துவது பொதுவான வழக்கம். உங்கள் மருத்துவர் சொல்லும் நேரமே கடைசி. பாட்டி பரிவோடு வாயில் வைக்கும் ஒரு பிஸ்கட் அறுவைச் சிகிச்சையையே ஒரு நாள் தள்ளிப்போடும். சளி, காய்ச்சல், ஆடும் பால்பல் ஆகியவற்றை மயக்கவியல் நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும்.

பாதித் தலையை மழிப்பதைவிட முழு மொட்டையே போட்டுவிடலாம், வேண்டுதலும் நிறைவேறும் என்று சில குடும்பங்கள் நினைக்கும். செய்யக் கூடாது என்பதில்லை. ஆனால் முடி திருத்துபவரின் சவரக்கத்தி தோலில் போடும் நுண்ணிய கீறல்கள் தொற்றுக்கு வழி. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் கிளிப்பர் இயந்திரத்தால் வெட்டு விழும் இடத்தை மட்டும் எடுப்பார்கள். மொட்டையை ஆறிய பிறகு குலதெய்வத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், தெய்வம் பொறுத்துக்கொள்ளும்.

பைபாஸோடு கூடிய அறுவைச் சிகிச்சை எட்டு, பத்து மணி நேரம் நீளலாம். நேரம் ஆவதை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாராவது ஒருவர் எப்போதும் வாசலில் இருங்கள், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

முதல் நாள் பார்க்கும்போது அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்துக் கண் வீங்கி மூடியிருக்கும். பார்வை போய்விட்டது என்று தாய்மார்கள் கதறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நெற்றியோரம் திறந்ததால் நீர் கண் இமைக்கு இறங்குவதுதான் அது, சில நாளில் வடிந்துவிடும். தாடைத் தசையை விலக்கியதால் வாய் முழுதாகத் திறக்காது, சில வாரம் மென்றால் வலிக்கும். குழைந்த பருப்பு சாதமும் இட்லியும் போதும்.

புடைப்பு வெடித்திருந்த குழந்தைக்கு, கிளிப் போட்டதோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. கசிந்த இரத்தம் சுற்றியுள்ள தமனிகளைச் சுருங்க வைக்கும். அந்தச் சுருக்கம் நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வரலாம். நேற்று பேசிய குழந்தை இன்று ஒரு கையைத் தூக்கவில்லை, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புகிறது என்றால் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தையின் இயல்பு உங்களுக்குத்தான் தெரியும், மானிட்டருக்குத் தெரியாது. இரத்தத்தில் உப்பு குறைவதும் இதே நாட்களில் வரும். சிறுநீரை அளந்து அளந்து எழுதுவது அதற்காகத்தான். மூளை நீர் தேங்கினால் தலையில் ஒரு குழாய் வைத்து வெளியே வடிப்பார்கள், சில குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் இறங்கும் நிரந்தரக் குழாய் வேண்டியிருக்கும். வெளிக்குழாயின் பை எந்த உயரத்தில் தொங்குகிறது என்பது கணக்குப் போட்டு வைத்தது. தலையணையை உயர்த்துவதோ கட்டிலைத் தாழ்த்துவதோ கேட்காமல் செய்யக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

தையல் பிரித்துத் தோல் நன்றாக ஆறும் வரை தலையில் எண்ணெய் படக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஓரிரு மாதம் காத்திருக்கட்டும். காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சலோ புதுத் தலைவலியோ வந்தாலோ மறுநாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வலிப்பு மருந்தைக் குழந்தை நன்றாக இருக்கிறது என்பதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. அது தொடரும் வரை மெரினாவில் அலையில் தனியாக விட வேண்டாம், சைக்கிளும் நீச்சலும் மருத்துவர் அனுமதித்த பிறகே.

காதுக்கு முன்னால் உள்ள தமனியில் பைபாஸ் செய்திருந்தால் அந்த இடத்தில் எதுவும் அழுத்தக் கூடாது. இறுக்கமான கண்ணாடிக் காம்பு, தலைப்பட்டை, சின்னதாகிப்போன ஹெல்மெட், இறுக்கிப் பின்னிய ஜடை எல்லாம் இதில் அடங்கும். அந்தத் துடிப்பை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி தினமும் விளக்கேற்றியதும் பேத்தியின் காதோரம் விரல் வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். ஆஸ்பிரின் கொடுக்கப்படும் குழந்தைக்கு ஃப்ளூ காய்ச்சலோ அம்மையோ வந்தால் ரெய் நோய் என்ற அரிய, ஆபத்தான சிக்கல் வரக்கூடும் என்பதால், தடுப்பூசிகளைப் பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டும். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்திருக்காமல், அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்குத் திரும்பியதும் மதிப்பெண் குறைவதைவிடக் கவனம் சீக்கிரம் கலைவதும் எளிதில் கோபம் வருவதும்தான் முதலில் தெரியும். வகுப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அரை நாள் பள்ளியில் தொடங்கலாம். கையெழுத்து பாதிக்கப்பட்டிருந்தால் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, அதற்கான மருத்துவச் சான்றைத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஓடித் தேடாமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் தங்கைகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்றால், குடும்பத்தில் இரண்டு பேருக்கு இந்த நோய் இருந்தாலோ, மரபுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலோதான் பொதுவாகச் சொல்வார்கள்.

மறுபடம் எடுக்கும் தேதிகளைத் தவற விடாதீர்கள். முதல் ஆண்டில் ஓரிரு முறையும் பிறகு இடைவெளி விட்டும் பல ஆண்டுகள் தொடரும் இது. அடைத்த இடம் திறக்கலாம், வேறு இடத்தில் புதிது வரலாம். உடலில் வைத்த கிளிப் அல்லது வலைக்குழாயின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, நகலெடுத்து, ஒன்றைக் குழந்தையின் பள்ளிப்பையிலும் ஒன்றை வீட்டுக் கோப்பிலும் வையுங்கள். டைட்டானியம் கிளிப் இருந்தால் பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை, ஆனால் அந்த அட்டையைப் பார்க்காமல் ஸ்கேன் மையத்தில் உள்ளே விடமாட்டார்கள். அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, டி.எஸ்.ஏ. படங்கள், அட்டை மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். பதினெட்டு வயதில் குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களின் பிரிவுக்கு மாறும்போது, புது மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.